சவேரியாருக்குத் தமிழ் தந்தவர்கள்

(பொன்விழா வாரத்தில், பக்த சபைகளின் பொறுப்பாளர்களுக்கு நடந்த கருத்தரங்கில் பங்குப் பேரவையின் சார்பில் ஆற்றப்பெற்ற உரை)

 

'திருச்சபையில் தலைமை' என்பது எங்களுக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. தலைமை என்ற சொல்லைக் கேட்டதும் நம் கண்கள் பீடத்தின் பக்கமோ, பேரவை மேசையின் பக்கமோ திரும்புவது வழக்கம். நாங்கள் இன்று உங்களை முத்துக்குளித்துறைக் கடற்கரைப் பக்கம் அழைத்துச் செல்ல விரும்புகிறோம்.

1542-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் புனித சவேரியார் அந்தக் கரைக்கு வந்து சேர்ந்தார். பாப்பரசரின் தூதர் என்ற பதவி அவருக்கு இருந்தது. போர்த்துக்கல் மன்னரின் ஆதரவு இருந்தது. பாரீஸ் பல்கலைக்கழகத்துப் படிப்பும் இருந்தது. இல்லாமற்போனது தமிழ் ஒன்றுதான். அங்கிருந்த பரதவ மக்களோ சில ஆண்டுகளுக்கு முன்பே ஞானஸ்நானம் பெற்றவர்கள். தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்குமேல் அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. சொல்லித் தரவும் ஆளில்லை. இதைச் சவேரியாரே தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? இரு மொழியும் அறிந்தவர்களைத் தேடிப் பிடித்தார். அவர்களோடு பல நாள் கூடியிருந்து, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கற்பனைகள், பரலோக மந்திரம், அருள் நிறைந்த மந்திரம் என்று ஒவ்வொன்றாகத் தமிழாக்கச் செய்தார். பிறகு, ஊரார் தந்த அந்தத் தமிழைப் பள்ளிப்பிள்ளை போல மனப்பாடம் செய்தார். கையில் ஒரு மணியை எடுத்து அடித்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்து, சிறுவர்களையும் பெரியவர்களையும் கூட்டி, நாளுக்கு இருமுறை சொல்லிக் கொடுத்தார். நம் படங்களில் அவர் கையில் எப்போதும் பாடுபட்ட சுரூபமே இருக்கிறது. ஓவியர் யாராவது மற்றக் கையில் அந்த மணியையும் வரைந்தால் நன்றாயிருக்கும்.

பாப்பரசரின் தூதர் மீனவத் தெருவில் நின்று, அத்தெருவாரின் சொற்களையே திருப்பிச் சொல்கிறார். இதனால் அவருடைய அதிகாரம் ஒரு நூலளவாவது குறைந்ததா? அன்றுதான் அது வேலை செய்யத் தொடங்கியது என்று நாங்கள் சொல்லுவோம்.

அந்த முதல் மொழிபெயர்ப்பு பழுதற்றதாக இருக்கவில்லை. விசுவாசப் பிரமாணத்தில் 'விசுவசிக்கிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் 'வேணும்' என்ற சொல் விழுந்துவிட்டது. 'கடவுளை விசுவசிக்கிறேன்' என்பதற்குப் பதிலாகக் 'கடவுள் வேணும்' என்று மக்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்! கேட்க அதுவும் நல்ல ஜெபமாகத்தான் தோன்றுகிறது. ஆனாலும் சவேரியார் அதை அப்படியே விட்டுவிடவில்லை. அதே கரையில் உழைத்த தம் தோழர் மன்சிலாஸுக்குக் கடிதம் எழுதி, இந்தச் சொல்லை மாற்றி அந்தச் சொல்லைச் சொல்லுங்கள், இதன் பொருள் இன்னது, அதன் பொருள் இன்னது என்று விளக்கினார். நாம் கற்பித்ததை நாமே திருத்தினால் மரியாதை போய்விடுமே என்று அவர் அஞ்சியதாகத் தெரியவில்லை.

நோயாளிகளிடமிருந்து அழைப்புகள் வந்தபடி இருந்தன. ஓராள் எத்தனை வீட்டுக்குப் போக முடியும்? ஜெபங்களை நன்கு கற்ற சிறுவர்களை அந்த வீடுகளுக்கு அனுப்பினார். குருவானவர் அடுத்த ஊருக்குப் போய்விட்டால் ஜெபம் நின்றுவிடக் கூடாதென்று ஊருக்கு ஊர் கணக்கப்பிள்ளைகளை நியமித்தார். அவர்களுடைய ஊதியத்துக்கு, போர்த்துக்கல் அரசியின் பாதுகைச் செலவுக்கென்று ஒதுக்கிய பணத்தைக் கேட்டு வாங்கினார். நம் பாட்டன்மார் காலத்து உபதேசியார்கள் அந்தக் கணக்கப்பிள்ளைகளின் வழிவந்தவர்களே.

அவருக்குப்பின் அந்தக் கரையில் ஐம்பதாண்டுக்கும் மேல் உழைத்தவர் அண்டிரிக் அடிகளார். அவர் தமிழை இலக்கணத்தோடு கற்றார். 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கமுள்ள சிறு நூல். அதற்குள் எத்தனை பேருடைய உழைப்பு! மொழிபெயர்ப்பில் துணை நின்றவர் ஒருவர், எழுத்துகளை வார்த்தவர்கள் வேறு சிலர், அச்சுக்குப் பணம் தந்தவர்களோ அந்தக் கரையின் மக்கள்.

இனி நம் பங்குக்கு வருவோம். பொன்விழா முடிந்ததும் புதிய பங்குப் பேரவை அமைய வேண்டும். பெயர்ப்பட்டியல் சக்கிறிஸ்து வாசலருகே மூன்று வாரமாகத் தொங்குகிறது. அதில் இளைஞர் பெயர்கள் மிகச் சில. விடியுமுன் வேலைக்குப் போகிறவர்களின் தெருக்களிலிருந்து ஒரு பெயரும் இல்லை. வீடு வீடாகப் போய்க் கேட்டோம். "ஆலோசனைக் குழுதானே, எங்கள் பேச்சு எங்கே ஏறப் போகிறது?" என்றார்கள். இந்தப் பதிலை நாம் அலட்சியம் செய்யக் கூடாது.

சட்டம் அப்படித்தான் இருக்கிறது. 1983-இல் வெளிவந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 536-ஆம் சட்டம், பங்குப் பேரவைக்குப் பங்குக்குருவே தலைவர், பேரவைக்கு ஆலோசனை வாக்கு மட்டுமே உண்டு என்கிறது. அதே தொகுப்பின் 212-ஆம் சட்டம், திருச்சபையின் நன்மைக்கடுத்தவற்றில் தங்கள் கருத்தை மேய்ப்பர்களுக்குத் தெரிவிப்பது விசுவாசிகளின் உரிமை, சில வேளைகளில் கடமையும்கூட என்கிறது. முதலாவதை மட்டும் படித்துவிட்டு வீட்டில் இருந்துவிடுகிறவர்கள் இரண்டாவதையும் படிக்க வேண்டும். தூத்துக்குடியில் சவேரியாரோடு உட்கார்ந்தவர்களுக்கு வாக்கே கிடையாது. ஆனால் அவர்கள் தந்த சொற்களே ஜெபமாயின.

அப்போஸ்தலர் பணியின் ஆறாம் அதிகாரத்தையும் நினைத்துப் பாருங்கள். கிரேக்க மொழி பேசியவர்களின் விதவைகள் அன்றாடப் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்று முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர்கள் முறுமுறுத்தவர்களைக் கண்டிக்கவில்லை. சபையைக் கூட்டி, நீங்களே ஏழு பேரைத் தேர்ந்தெடுங்கள் என்றார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்தாரின் கையிலேயே பந்திப் பொறுப்பு போய்ச் சேர்ந்தது என்றுதான் நமக்குத் தோன்றுகிறது. மிகத் துணிவான ஏற்பாடு!

ஆகவே பங்குத்தந்தையோடு கலந்து சில முடிவுகளுக்கு வந்திருக்கிறோம். பேரவைக் கூட்டம் இனி மாலை ஐந்து மணிக்கு அல்ல, வேலைக்குப் போனவர்கள் வீடு திரும்பியபின் இரவு எட்டு மணிக்கு. பேரவை தரும் ஒவ்வொரு ஆலோசனைக்கும் பங்குத்தந்தை, ஏற்றார் என்றோ, ஏற்கவில்லை, காரணம் இது என்றோ, அடுத்த ஞாயிறு பூசையில் அறிவிப்பார். அறிவிப்புகளை எழுதியதும், படிப்பு அதிகம் இல்லாத இருவருக்கு முதலில் வாசித்துக் காட்டுவோம். அவர்களுக்கு விளங்காத வரி கோவிலில் வாசிக்கப்படாது. பொன்விழா வரவுசெலவுக் கணக்கு, கொடிமரத்துக்கு வாங்கிய கயிறு உட்பட, முழுமையாகப் பலகையில் ஒட்டப்படும்.

பெயர்ப்பட்டியலை வரும் ஞாயிறு இரண்டாம் பூசை முடியும்வரை எடுக்கமாட்டோம். தெருவுக்கு இரண்டு பேர், அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். எழுதத் தெரியாதவர்கள் பேரைச் சொன்னால் போதும், எழுதிக்கொள்ள மறைக்கல்வி ஆசிரியர்கள் வாசலில் இருப்பார்கள்.