வழித்துணையாக ஒரு நாய்



ஊர்திகள் பெருகிவிட்ட இக்காலத்திலும் கால்நடையாக நெடுந்தூரம் செல்லும் வழக்கம் நம் நாட்டில் மறைந்துவிடவில்லை. ஆவணித் திங்களில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்து செல்வோரைக் காணலாம். புரட்டாசியில் மஞ்சள் ஆடை அணிந்து திருப்பதிக்கு நடப்போரைக் காணலாம். பக்தியின் பொருட்டு அன்றி, ஊரையும் நாட்டையும் காலால் அளந்து அறிய வேண்டும் என்னும் ஆசையால், முதுகில் ஒரு பையைச் சுமந்து புறப்படும் இளைஞர்களும் இருக்கின்றனர். அவர்களுள் சிலர் தாம் வளர்க்கும் நாயையும் உடன் அழைத்துச் செல்ல விரும்புகின்றனர். அது தகுமா, தகுமெனின் எவ்வாறு செய்தல் வேண்டும் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

இந்தத் துணை நமக்குப் புதியது அன்று. மகாபாரதத்தின் இறுதியில் பாண்டவர் ஐவரும் திரௌபதியும் நாட்டைத் துறந்து வடக்கு நோக்கி நடக்கின்றனர். ஒரு நாய் அவர்களைப் பின்தொடர்கிறது. வழியில் ஒவ்வொருவராக வீழ்ந்த பின்னர், தருமனும் நாயுமே எஞ்சுகின்றனர். இந்திரன் தேருடன் வந்து அழைத்தபோது, நாயை விட்டுவிட்டு ஏற மாட்டேன் என்று தருமன் மறுத்துவிடுகிறான். நாய் பின்தொடர்ந்தது என்பதில் வியப்பு இல்லை; அது நாயின் இயல்பு. மனிதன் அதனைக் கைவிட மறுத்தான் என்பதில்தான் அக்கதையின் அறம் இருக்கிறது.

நம் தமிழ் மண்ணிலும் ஒரு சான்று உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்னும் ஊரில், முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று கிடைத்துள்ளது. 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கல்லில் வீரனின் உருவத்துக்கு அருகில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல்வெட்டு கூறுகிறது. மன்னர்களின் பெயரே மறைந்துபோகும் உலகில், ஒரு நாயின் பெயர் 1,400 ஆண்டுகளாகக் கல்லில் நிலைத்திருப்பது எண்ணி மகிழத் தக்கது அன்றோ?

அண்மைக்காலத்துக்கு வருவோம். 2019-ஆம் ஆண்டு திருமலையிலிருந்து சபரிமலைக்கு நடந்து சென்ற 13 ஐயப்ப பக்தர்களுடன் தெருநாய் ஒன்று தானே வந்து சேர்ந்துகொண்டது. கர்நாடகத்தின் சிக்கமகளூர் மாவட்டத்தை அவர்கள் அடைந்தபோது, அது 480 கிலோமீட்டர் நடந்திருந்ததாகச் செய்திகள் வெளிவந்தன. 1990-இல் அமெரிக்காவில் பில் இர்வின் என்னும் கண் பார்வையற்ற மனிதர், ஓரியண்ட் என்னும் தம் வழிகாட்டி நாயுடன், ஜார்ஜியாவிலிருந்து மெயின் வரை செல்லும் அப்பலாச்சிய மலைப்பாதையை முழுவதும் நடந்து முடித்தார். ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீளமுள்ள பாதை அது. இந்தியாவில் நடந்த ஓர் அமைதி நடைப்பயணத்தின்போது பௌத்தத் துறவிகளைப் பின்தொடர்ந்த ஆலோகா என்னும் நம் நாட்டுத் தெருநாய், 2025-இல் அவர்கள் டெக்சாஸ் மாநிலத்திலிருந்து வாஷிங்டனை நோக்கி நடந்தபோதும் உடன் சென்றது. அதற்குக் கால் நோவு கண்டபோது துறவிகள் அதனை வண்டியில் ஏற்றிக்கொண்டனர் என்பதையும் நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

இவற்றைக் கேட்டதும் உங்களுள் சிலருக்கு நாளைக் காலையிலேயே புறப்பட்டுவிடத் தோன்றலாம். சற்றுப் பொறுங்கள். இக்கதைகள் நாயின் ஆற்றலை எடுத்துச் சொல்லுகின்றன. அதன் எல்லை எது என்பதைச் சொல்வதில்லை. அந்த எல்லையை அறியாமல் நாயை அழைத்துச் செல்வது அன்பு ஆகாது.

முதலாவது, வெப்பம். நமக்கு உடல் முழுவதும் வியர்க்கிறது. வியர்வை ஆவியாகும்போது உடல் குளிர்கிறது. நாய்க்கோ பாதங்களில் மட்டுமே சிறிது வியர்க்கும். நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதன் மூலமே அது தன் வெப்பத்தைப் பெரும்பாலும் தணித்துக்கொள்கிறது. நாக்கிலும் மூச்சுக்குழலிலும் உள்ள ஈரம் ஆவியாவதே இங்கும் வழி. ஆனால் சென்னையைப் போன்ற கடற்கரை ஊரில் காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுதி. ஆதலின் நாய் எவ்வளவு இரைத்தாலும் ஈரம் எளிதில் ஆவியாவதில்லை, வெப்பமும் குறைவதில்லை. நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். அது 41 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. அளவு மீறிய இரைப்பு, கெட்டியான எச்சில், கருஞ்சிவப்பாக மாறும் ஈறு, தள்ளாட்டம், வாந்தி ஆகியவை அதன் அறிகுறிகள். அவற்றைக் கண்டவுடன் நாயை நிழலில் கிடத்தி, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி, விசிற வேண்டும். பின்னர்த் தாமதியாமல் மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

இரண்டாவது, பாதம். நாம் செருப்பு அணிந்து நடக்கும் தார்ச்சாலையில் அது வெறுங்காலுடன் நடக்கிறது. புறங்கையைச் சாலையின் மீது வைத்து ஏழு எண்ணும் வரை உங்களால் பொறுக்க இயலவில்லை என்றால், அச்சாலை நாய்க்கும் ஆகாது. பங்குனி தொடங்கி ஆவணி வரை நம் நகரில் காலை எட்டு மணிக்குப் பின் இச்சோதனையில் தேறும் சாலைகள் சிலவே.

மூன்றாவது, எல்லாவற்றினும் பெரியது: நாய் தன் களைப்பைச் சொல்லாது. மனிதத் தோழன் கால் வலிக்கிறது என்பான், முணுமுணுப்பான், சண்டையிடவும் செய்வான். நாயோ, தலைவன் நடக்கும் வரை தானும் நடக்கும். அதன் உற்சாகத்தைக் கண்டு அதன் வலிமையை அளப்பவன் ஏமாந்துபோவான். எங்கள் வீட்டு நாட்டு நாய் மணியுடன் அடையாற்றிலிருந்து மாமல்லபுரம் வரை, ஏறத்தாழ 50 கிலோமீட்டர், மூன்று நாள் கணக்கிட்டு ஒரு மார்கழி இறுதியில் நடந்திருக்கிறேன். இரண்டாம் நாள் கோவளத்துக்கு அருகில் ஒரு புங்கமரத்து நிழலில் அது படுத்தது. வாலை ஆட்டியது, அழைத்தபோது எழுந்தும் நின்றது. ஆனால் நின்றபடியே முன்கால் ஒன்றை மாற்றி மாற்றித் தூக்கிற்று. காலைத் திருப்பிப் பார்த்தேன். விரல்களுக்கு இடையே தோல் உரிந்திருந்தது. அன்றைய நடை அத்துடன் முடிந்தது. மூன்று நாள் பயணம் ஐந்து நாள் ஆயிற்று. அதனால் இழந்தது ஒன்றும் இல்லை. அந்த இரண்டு நாளில்தான் கோவளத்து மீனவர்கள் வலை பழுது பார்ப்பதை அருகிருந்து கண்டேன்.

இனி ஆயத்தங்களைக் கூறுகிறேன். ஒரு வயது நிறையாத குட்டியை நெடுந்தூரம் நடத்தலாகாது, எலும்பு முற்றியிருக்காது. பெரிய சாதி நாயாயின் ஒன்றரை வயது வரை பொறுத்தல் நன்று. பக் போன்ற சப்பை மூக்கு நாய்கள் இதற்கு ஏற்றவை அல்ல. அவற்றால் நன்கு இரைக்க இயலாது. நம் நாட்டு நாயும் சிப்பிப்பாறையும் இங்குள்ள தட்பவெப்பத்துக்குப் பழகியவை. எந்த நாயாயினும் சிறுகச் சிறுகப் பழக்க வேண்டும். மயிலாப்பூரில் இருப்பவர்கள் லஸ் முனையிலிருந்து சாந்தோம் வரை நடந்து தொடங்கலாம். தியாகராய நகரில் இருப்பவர்கள் கடைகள் திறவாத விடியற்காலையில் பனகல் பூங்காவைச் சுற்றிப் பாண்டி பஜார் வரை நடக்கலாம். கூட்டமும் ஓசையும் நாய்க்குப் பழக அது நல்ல இடம். பிறகு அடையாற்றிலிருந்து திருவான்மியூர், அதற்கும் அப்பால் நீலாங்கரை என்று வாரந்தோறும் தொலைவைக் கூட்டலாம். இரண்டு மாதம் இவ்வாறு பழகிய பின்னரே, இரவு தங்கும் பயணத்தை நினைக்க வேண்டும்.

தண்ணீரும் ஒரு கிண்ணமும் எப்போதும் கையில் இருக்கட்டும். நீங்கள் ஒரு முறை குடிக்கும்போது அதற்கும் ஒரு முறை கொடுங்கள். நம் சோற்றைப் பகிர்ந்துகொள்வதில் தவறில்லை. ஆனால் வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்கலேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு. நாயின் முதுகில் பை கட்டுவதாயின், தொடக்கத்தில் அதன் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றலாகாது. மாலையில் தங்கியவுடன் காது மடல், விரலிடுக்கு, கழுத்துப்பட்டையின் அடி ஆகிய இடங்களில் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். உண்ணிக் காய்ச்சல் பல நாய்களைக் கொன்றிருக்கிறது.

ஒவ்வொரு தெருவுக்கும் உரிய நாய்கள் உண்டு. அவற்றின் எல்லைக்குள் புதிய நாய் நுழைந்தால் அவை எதிர்த்து வரும். அப்போது ஓடலாகாது, வாரைக் குறுகப் பிடித்து, நிதானமாகச் சுற்றிச் செல்ல வேண்டும். புறப்படும் முன் வெறிநோய்த் தடுப்பூசியும் பிற தடுப்பூசிகளும் போட்டிருத்தல் இன்றியமையாதது. மாநகராட்சியின் உரிமமும் தேவை. 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. 1959-இல் கேப்டன் சுந்தரம் குடும்பத்தினர் நிறுவிய புளூ கிராஸ் அமைப்பின் மருத்துவமனை கிண்டியில் இருக்கிறது. வழியில் எந்த நாயாவது உங்களைக் கடித்தால், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். வெறிநோயின் அறிகுறி தோன்றிய பின் அதற்கு மருந்து இல்லை. தோன்றும் முன் தடுக்கும் வழியைப் பாஸ்டர் 1885-லேயே காட்டிவிட்டார்.

நாயை அழைத்துச் செல்லத் தகாத இடங்களும் உள்ளன. நம் கடற்கரையில் நடப்பதற்கு இனிய காலம் தையும் மாசியும். ஆனால் அதே காலத்தில்தான் பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி, மணலில் குழி பறித்து, நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளை இடுகின்றன. நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே 1988 முதல் மாணவர்கள் இரவெல்லாம் நடந்து அம்முட்டைகளைத் திரட்டிப் பொரிப்பகத்தில் காத்து வருகின்றனர். மணலைத் தோண்டி முட்டையைத் தின்பதில் நாய் வல்லது. ஆதலின் அத்திங்கள்களில் இரவு நேரத்தில் மணற்பரப்பில் நாயுடன் நடக்கலாகாது, சாலையோரமே போதும். காடுகளும் அவ்வாறே. கிண்டித் தேசியப் பூங்காவில் வாழும் வெளிமானும் புள்ளிமானும் நாயின் வாடை கண்டாலே அஞ்சி ஓடும். அச்சம் மட்டும் அன்று, நோயும் பரவும். 1994-இல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் ஏறத்தாழ ஆயிரம் சிங்கங்கள் டிஸ்டெம்பர் என்னும் நோயால் மடிந்தன. சுற்றுப்புற ஊர்களின் நாய்களிடமிருந்து வந்த நோய் அது என்று ஆராய்ந்தவர் கூறினர். நம் நாய்க்கு இன்பம் தரும் நடை, வேறோர் உயிருக்குத் துன்பம் ஆகலாகாது.

இறுதியாக ஒன்று. நாம் அழைக்காமலே ஒரு நாய் நம் பின்னே வரக்கூடும். வேளாங்கண்ணி வழியில் நடப்போர் பலரும் இதை அறிவர். ஒரு பிஸ்கட்டைப் போட்டுவிட்டு, அது ஐந்து ஊர் கடந்து வருவதைக் கண்டு மகிழ்ந்து, முடிவில் பேருந்து ஏறிவிடுவது எளிது. அந்த நாய் என்ன ஆகும்? தன் தெருவுக்குத் திரும்ப அதற்கு வழி தெரியாது. புதிய ஊரின் நாய்கள் அதை ஏற்கா. ஆதலின், முதல் ஊரின் எல்லையிலேயே உணவு தராமல், கொஞ்சாமல், அதனைத் திருப்பி அனுப்ப முயல வேண்டும். அதையும் மீறி வந்துவிட்டால், பயணம் முடிந்த பின் அதனை அதன் இடத்திலேயே கொண்டு சேர்க்கும் கடமை நம்முடையது. இரயிலில் கார்டு பெட்டியில் நாயை ஏற்றிச் செல்ல முறைப்படி வழி இருக்கிறது. அடையாற்றில் வாழ்ந்த ருக்மிணி தேவி அருண்டேல் நாடாளுமன்றத்தில் எடுத்த முயற்சியின் பயனாய் 1960-இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. வளர்த்த விலங்கைத் தக்க காரணம் இன்றிக் கைவிடுவதை அச்சட்டம் குற்றம் என்கிறது. சட்டத்துக்கு அஞ்சி அன்று, நம்மை நம்பி வந்த உயிருக்கு நாணி நாம் அதனைச் செய்யாதிருக்க வேண்டும்.

நண்பர்களே, விடுமுறை வரும்போது நடந்து பாருங்கள். நாய் இருந்தால் அழைத்துச் செல்லுங்கள். ஆனால் அன்று எத்தனை கிலோமீட்டர் நடப்பது என்பதை உங்கள் கால்கள் முடிவு செய்ய வேண்டாம். அதன் கால்கள் முடிவு செய்யட்டும். குறித்த ஊரை ஒரு நாள் பிந்தி அடைந்தாலும் குறைவில்லை. புறப்பட்டபோது எத்தனை பேரோ, திரும்பும்போதும் அத்தனை பேர் இருக்க வேண்டும்.