உதட்டில் தோன்றி மறையும் கரும்புள்ளிகள்



உடலினுள் மறைந்திருக்கும் நோயைச் சில வேளைகளில் தோல் முன்கூட்டியே அறிவித்துவிடுகிறது. பியூட்ஸ்–ஜெகர்ஸ் எனப்படும் அரிய பரம்பரை நோயில் அவ்வறிவிப்பு குழந்தையின் உதட்டில் எழுதப்படுகிறது.

1895ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் ஒருவர், இரட்டைச் சகோதரியர் இருவரின் உதடுகளிலும் வாயினுள்ளும் கரும்புள்ளிகளைக் கண்டு பதிவு செய்தார். மறு ஆண்டு ஜோனதன் ஹட்சின்சன் என்னும் புகழ்பெற்ற மருத்துவர் அவற்றைப் படத்துடன் வெளியிட்டார். அன்று அது வெறும் விந்தை. பின்னர், ஒருத்தி இருபதாம் வயதில் குடல் செருகிக்கொண்டு இறந்தாள். மற்றவள் 52ஆம் வயதில் மார்பகப் புற்றுநோயால் மறைந்தாள். இந்நோயைப் பற்றி மருத்துவ உலகம் பிற்காலத்தில் அறிந்தவற்றுள் பெரும்பகுதி அவ்விரு மரணங்களிலேயே அடங்கியிருந்தது. ஆயினும் அவற்றைப் புள்ளிகளோடு பொருத்திப் பார்ப்பார் அன்று இல்லை.

பொருத்திப் பார்த்தவர் நெதர்லாந்தைச் சேர்ந்த யான் பியூட்ஸ். ஒரே குடும்பத்தினர் பலரிடம் உதட்டுப் புள்ளிகளும் குடலில் கட்டிகளும் சேர்ந்து வருவதை அவர் 1921இல் எழுதினார். 1949இல் அமெரிக்க மருத்துவர் ஹெரால்டு ஜெகர்ஸும் அவருடைய துணைவர்களும் விரிவாக விளக்கினர். 1998இல் எஸ்.டி.கே.11 என்னும் மரபணுவின் பழுதே காரணம் என்று கண்டறியப்பட்டது. உயிரணுக்களின் வளர்ச்சிக்குக் கடிவாளமாக இருப்பது அம்மரபணு. பெற்றோரில் ஒருவருக்குப் பழுது இருப்பின், ஒவ்வொரு குழந்தைக்கும் அது வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு உண்டு. குடும்பத்தில் முன்னர் எவருக்கும் இல்லாமல் புதிதாகத் தோன்றுவதும் உண்டு.

புள்ளிகள் எள்ளளவு சிறியவை; கரும்பழுப்பாகவோ நீலங்கலந்த கருமையாகவோ இருக்கும். உதட்டின் விளிம்பைக் கடந்து தோலிலும் பரவும். கன்னத்தின் உட்புறம், மூக்கு, கண் ஆகியவற்றின் அருகு, விரல்கள், உள்ளங்கை, உள்ளங்கால் ஆகிய இடங்களிலும் காணப்படும். பெரும்பாலும் ஐந்து வயதிற்குள்ளேயே வெளிப்படும். கருநிறத் தோலினரிடையே ஈறு கருத்திருத்தல் இயல்பே. அதனைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. புள்ளிகளும் தாமாகப் புற்றாக மாறுவதில்லை.

இங்கேதான் ஓர் இடர். பருவ வயதிற்குப் பின் உதட்டுப் புள்ளிகள் மங்கிவிடுகின்றன. கன்னத்தின் உட்புறத்தவையே பெரும்பாலும் நிலைக்கின்றன. மார்பகம், குடல், கணையம், சூலகம் ஆகியவற்றில் புற்றுநோய் தோன்றும் இடர் மிகுகின்ற நடுவயதிலோ முகத்தில் சான்று இராது. அழகுக்காக லேசர் கொண்டு நீக்குவோரும் உளர். நீக்குவது தவறன்று, குடலைச் சோதியாமல் நீக்குவதே தவறு.

ஆகவே, மங்கிய புள்ளிகளுக்குச் சான்று கூறத்தக்கவர் தாயாரே. அல்லது பழைய நிழற்படம். மருத்துவர் கேட்கும்போது, ‘பிள்ளைப் பருவத்தில் இவளுக்கு உதட்டில் புள்ளி இருந்தது, இவளுடைய அத்தைக்கும் இருந்தது, அவர் குடல் அடைபட்டு இளமையில் இறந்தார்’ என்று சொல்லத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருத்தல் பெரும்பேறு. பெண்ணின் திருமணம் தடைப்படுமென்று அஞ்சி இவற்றை மறைக்கும் இல்லங்கள் உண்டு. அவ்வச்சம் பொருளற்றதன்று. ஆயினும் மறைத்தலின் விலையை மறைத்தவர் செலுத்துவதில்லை. ஒன்றும் அறியாத அப்பெண்ணே செலுத்துகிறாள். 70 வயதிற்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு இந்நோயுள்ள பெண்களுக்கு ஏறத்தாழ 45 விழுக்காடு என்று ஓர் ஆய்வு கணித்துள்ளது.

அறிந்தோர்க்கு வழி உண்டு. எட்டு வயதளவில் உள்நோக்கிக் கருவியாலும், விழுங்கத்தக்க சிறு கேமராவாலும் இரைப்பையையும் குடலையும் பார்க்கத் தொடங்குவர். பெருத்த கட்டிகளை அடைப்பு நேருமுன் அகற்றுவர். பெண்களுக்கு மார்பகச் சோதனை, பிறரைவிட மிக முன்னதாக, இளமையிலேயே தொடங்கும். இடையில் பிள்ளைக்குத் திடீரென வயிறு முறுக்கி வலித்து வாந்தியும் கண்டால், கைவைத்தியத்தில் பொழுது போக்காது மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுதல் வேண்டும். உதட்டுப் புள்ளிகளைப் பற்றி முதலிலேயே அங்குச் சொல்லிவிடுதலும் வேண்டும்.