ஒன்பதே காலுக்கு முன்னால்

நம் சாந்திபுரத்தில் ஓய்வு பெற்றவர்கள் பலர் காலை ஒன்பது மணிக்கே பங்கு விலை பார்க்க உட்கார்ந்துவிடுகிறோம். 2010 அக்டோபர் 18 முதல் வழக்கத்திலுள்ள முன்திறப்பு நேரம் அது. முதல் சில நிமிடங்கள் ஆர்டர்கள் சேருமே தவிர வியாபாரம் நடக்காது. பிறகு, எந்த விலையில் மிக அதிகப் பங்குகள் கைமாறுமோ அதுவே தொடக்க விலையாகும். 101 ரூபாயில் 300 பங்கும் 100 ரூபாயில் 500 பங்கும் கைமாறலாம் என்றால், விலை 100.

ஆர்டர் சேரும்போது அதை ரத்தும் செய்யலாம். ஆகவே திரையில் தெரியும் வாங்குவோர் கூட்டம் நிமிஷத்தில் கலைந்துவிடும். அதை நம்பிச் சேமிப்பை மார்க்கெட் ஆர்டரில் போடாதீர்கள். உங்கள் உச்ச விலையைக் குறித்து லிமிட் ஆர்டர் கொடுங்கள். தொடக்க விலை குறைவானால் அந்த விலைக்கே வாங்கலாம். கூடினால் பணம் பத்திரமாக இருக்கும்.