நாலு மணிக்கே பேசுங்க!

நடுவர் அவர்களே, எனக்கு ஊர் ஆத்தூர். எங்க கொடிக்கால் வெத்தலையை இன்னைக்குக் கிள்ளினா இன்னைக்கே லாரி ஏத்தணும். நாளைக்குப் பார்க்கலாம்னா வாடிப்போகும். முடங்கின வங்கியில கிடக்கிற ஏழை பணமும் அப்படித்தான்யா!

“உடனே நாடாளுமன்றத்துல பேசினா பீதி பரவும், ஆற அமரப் பேசலாம்”னு எதிரணி அம்மா சொன்னாங்க. ஆற அமரன்னா எவ்வளவு நாளும்மா? 1960 ஆகஸ்ட் 8-ல், பாலாய் சென்ட்ரல் வங்கியை மூடச் சொல்லி ரிசர்வ் வங்கி கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வைப்புத்தொகைக்குக் காப்பீடு வந்தது எப்போ? 1962 ஜனவரி 1. அதுவும் 1,500 ரூபாய் வரைக்கும்! 2019-ல் மும்பை பி.எம்.சி. வங்கி. முதல்ல எடுக்க விட்டது ஆயிரம் ரூபாய். பீதி பேசினதாலயா வந்தது? பணம் கிடையாதுன்னதும் வந்ததய்யா! 90 நாளுக்குள்ள 5 லட்சம் வரை கொடுக்கணும்னு சட்டத் திருத்தம் வந்தது 2021-ல்.

வழி இல்லையா? மக்களவை விதியிலேயே ஒத்திவைப்புத் தீர்மானம் இருக்கு. காலை 10 மணிக்குள்ள நோட்டீஸ். சபாநாயகர் சம்மதிக்கணும். யாராவது ஆட்சேபிச்சா 50 பேர் எழுந்து நிக்கணும். அன்னைக்குச் சாயங்காலம் 4 மணிக்கே விவாதம், கடைசியில ஓட்டு! ஆளும் தரப்புக்குப் பிடிச்சது 193-ஆம் விதி. தேதி குறிச்சு, பொறுமையாப் பேசலாம். ஓட்டு கிடையாது. பந்தியில உட்கார வச்சு இலையை மட்டும் போட்ட மாதிரி!

மணி அடிச்சிட்டீங்க, நடுவர் அவர்களே. எனக்கு ஒரு நிமிஷம் கூடத் தர மாட்டேங்கிறீங்க. பணம் போட்டவனை மட்டும் எத்தனை வருஷம் காத்திருக்கச் சொல்றது?