குறை கூறுவாரைப் போற்றுதல்

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



ஒரு சங்கமோ, பள்ளியோ, தொழிற்சாலையோ பழைய நிலையினின்றும் உயர வேண்டுமாயின், முதற்கண் மாற வேண்டுவது யாது? ஆட்கள் என்பர் சிலர். கருவிகள் என்பர் வேறு சிலர். இவ்வினாவிற்கு விடையாக அமெரிக்க நாட்டு வரலாறு ஒன்றினை எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

கலிபோர்னியா மாகாணத்துப் பிரிமாண்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் ஒரு மோட்டார்த் தொழிற்சாலை நடத்தி வந்தனர். அங்கே ஏறத்தாழ ஐவருள் ஒருவர் வேலைக்கு வாராதொழிவர். வண்டிகள் குறையோடு நகர்ந்தாலும் வேலை வரிசையை நிறுத்துதல் கூடாதென்பது வழக்கம். முதலாளிக்கும் தொழிலாளிக்கும் ஓயாத பூசல். 1982-ல் ஆலை மூடப்பட்டது.

பின்னர் ஜப்பானிய டொயோட்டா கம்பெனியார் அவர்களோடு கூட்டுச் சேர்ந்து, 1984-ல் ‘நும்மி’ என்னும் பெயரால் அதனை மீண்டும் திறந்தனர். வேலைக்கு அமர்த்தப்பட்டோருள் மிகப் பெரும்பாலார் பழைய தொழிலாளரே, தொழிற்சங்கமும் பழையதே. நூற்றுக்கணக்கானோரை ஜப்பானுக்கு அனுப்பிப் பயிற்றினர். ஒவ்வொருவர் கைக்கும் எட்டுமாறு ஒரு கயிறு கட்டினர். குறை கண்டவன் அதனை இழுக்கலாம். இழுத்தவுடன் குழுத்தலைவன் விரைந்து வந்து துணைசெய்வான். குறை தீராவிடின் வரிசையே நிற்கும். இழுத்தவனை எவரும் கடிந்துரையார். சின்னாளில் வாராதொழிவோர் தொகை மிகக் குறைந்தது. அவ்வாலையின் வண்டிகள் நற்பெயர் பெற்றன. 2010-ல் மூடப்படுங்காறும் அது பலர்க்குப் பாடசாலையாய் விளங்கிற்று.

ஆட்கள் மாறவில்லை, குறை கூறுவான் பெறும் மறுமொழியே மாறிற்று. எனினும் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் தம் பிற ஆலைகளில் இம்முறையைப் பரப்ப முயன்றபோது, அஃது எளிதில் வேரூன்றவில்லை. கயிற்றினை விலைக்கு வாங்கலாம். மேலோரின் பொறுமையை வாங்கலாகுமோ?

அன்பர்களே! நம் கூட்டங்களில் ஓர் இளைஞன் எழுந்து கணக்கில் ஐயம் வினவினால், ‘அதிகப்பிரசங்கி’ என்று அமர்த்திவிடுகின்றோம். அவன் மறுமுறை வாயே திறவான். அதற்கடுத்த முறை கூட்டத்திற்கே வாரான். பிறகு, இளைஞர்க்குச் சங்கப் பற்றில்லை என்று வருந்துகின்றோம்! புதுமை வேண்டுமென்று தீர்மானம் நிறைவேற்றுதலாற் பயனில்லை. கூட்டந்தோறும் குறை கூறுதற்கென அரைமணி நேரம் ஒதுக்குவோம்; கூறப்பட்டவற்றுள் ஒன்றையேனும் அடுத்த திங்களுக்குள் தீர்த்துக் காட்டுவோம்; கூறியவனுக்கு யாவரும் அறிய நன்றி சொல்வோம். இவ்வளவு செய்யின், ஏனைய மாறுதல்கள் தாமே தொடர்ந்து வரும்.