குழந்தைப்பேறு சிகிச்சை: யாருக்கு உதவி, யாருக்குக் கடன்?



1978 அக்டோபர் 3 அன்று கொல்கத்தாவில் ‘துர்கா’ பிறந்தாள். மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாய் எளிய கருவிகளைக் கொண்டே சோதனைக் குழாய் முறையில் அதைச் சாதித்தார். மாநில அரசு அமைத்த குழு நம்ப மறுத்தது. 1981இல் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அன்று அங்கு ஆட்சியிலிருந்தது இடது முன்னணி என்பதை மறைப்பதற்கில்லை.

அந்த அறிவியல் இன்று பெரும்பாலும் தனியார் மருத்துவமனைகளின் சரக்கு. ஒரு சுழற்சிக்கே லட்சத்துக்கும் மேல் செலவாகிறது. கரு தங்காவிட்டால் மறுபடியும் அதே செலவு, அதே கந்துவட்டி.

உதவி பெறத் தகுதியுடையோர் யார்? மத்திய அரசு ஊழியர்களுக்கான சுகாதாரத் திட்டத்தில், விதிகளுக்கும் உச்சவரம்புக்கும் உட்பட்டு, செலவைத் திரும்பப் பெறலாம். கட்டடத் தொழிலாளிக்கு இருப்பதோ ஆயுஷ்மான் பாரத் அட்டை. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் என விளம்பரம் முழங்குகிறது. கருத்தரிப்பு சிகிச்சையோ அதன் விலக்குப் பட்டியலில் கிடக்கிறது. 2021ஆம் ஆண்டின் சட்டம் பெண்ணுக்கு 21 முதல் 50, ஆணுக்கு 21 முதல் 55 என வயதை வரையறுத்தது, கட்டணத்தை வரையறுக்கவில்லை.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நெரிசலான குடியிருப்புகளில் பரவும் காசநோய் கருக்குழாய்களையும் அடைத்துவிடுகிறது. காசநோய்க்கு அரசு மருந்து இலவசம். அந்நோய் விட்டுச்சென்ற மலட்டுத்தன்மைக்கு மட்டும் அவள் தாலியை அடகு வைக்க வேண்டும்!

கோவா அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 2023இல் இச்சிகிச்சை இலவசமாகத் தொடங்கப்பட்டது. அங்கு இயன்றதை ஏனைய மாநிலங்களின் அரசு மருத்துவமனைகளிலும் கோர வேண்டும். விலக்குப் பட்டியலிலிருந்து அதை நீக்கும் கோரிக்கையை மாதர் அரங்கத்தோடு நிறுத்தாமல் தொழிற்சங்க மேடைகளுக்கும் கொண்டுசெல்ல வேண்டும்.