சாசனங்கள் எங்கிருந்து வருகின்றன?
(பொன்விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)





நான் வழக்கறிஞர் அல்லன். பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்துவிட்டு வியாபாரத்துக்கு வந்தவன். சட்டம் தெரிந்த அண்ணன்மார்கள் இங்கே இருக்கிறார்கள். நான் பிசகினால் பிறகு திருத்திக்கொடுங்கள்.

அரசியலமைப்புச் சட்டம் என்றால் எல்லா நாட்டிலும் ஒரு தடித்த புத்தகம் இருக்கும் என்று நினைக்கிறோம். பிரிட்டனில் அப்படி ஒரு புத்தகமே கிடையாது. 1215-இன் மேக்னா கார்ட்டா, 1689-இன் உரிமைச் சட்டம், நாடாளுமன்றம் அவ்வப்போது இயற்றியவை, நீதிமன்றத் தீர்ப்புகள், எழுதாத மரபுகள், எல்லாம் சேர்ந்ததுதான் அவர்களுடைய அரசியலமைப்பு. அமெரிக்கா 1787-இல் ஏழே பிரிவுகளில் எழுதி முடித்தது; இதுவரை 27 திருத்தங்கள். இந்தியா அதற்கு நேர் எதிர். 1946 டிசம்பரில் கூடிய நிர்ணய சபை ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் விவாதித்து 395 பிரிவுகளை எழுதியது. நாடாளுமன்ற முறையைப் பிரிட்டனிடமிருந்தும், அடிப்படை உரிமைகளை அமெரிக்காவைப் பார்த்தும், வழிகாட்டும் கொள்கைகளை அயர்லாந்திடமிருந்தும் எடுத்தார்கள். ஆனால் பெரும்பகுதி, வெள்ளைக்காரன் போட்ட 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்திலிருந்து வந்ததுதான். இரவல் வாங்குவது தவறில்லை. காஜாங் சாத்தேயைப் பார்த்து எத்தனை ஊரில் கடை போட்டிருக்கிறார்கள்! குச்சியும் இறைச்சியும் ஒன்று, குவா மட்டும் ஊருக்கு ஊர் வேறு.

நம் நாட்டின் சட்டத்தை வரைய 1956-இல் ஓர் ஆணையம் வந்தது. தலைவர் ஸ்காட்லாந்து நீதிபதி ரீட் பிரபு. பிரிட்டனிலிருந்து சர் ஐவர் ஜென்னிங்ஸ், ஆஸ்திரேலியாவிலிருந்து சர் வில்லியம் மெக்கெல், இந்தியாவிலிருந்து அலகாபாத் உயர்நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி மாலிக், பாகிஸ்தானிலிருந்து நீதிபதி அப்துல் ஹமீத். மலாயாக்காரர் ஒருவர்கூட இல்லை. நூற்றுக்கும் மேற்பட்ட கூட்டங்கள், 131 மகஜர்கள். 1957 பிப்ரவரியில் அறிக்கை வெளியானது. துங்குவின் கூட்டணியினர், சுல்தான்களின் பிரதிநிதிகள், பிரிட்டிஷ் அதிகாரிகள் சேர்ந்த குழு அதைப் பல இடங்களில் மாற்றியது.

மாறிய இடங்களில் முக்கியமானது இஸ்லாம். பெரும்பான்மை உறுப்பினர்கள் அதைக் கூட்டரசின் மதமாக எழுதப் பரிந்துரைக்கவில்லை. தங்கள் மாநில அதிகாரம் குறையுமோ என்று முதலில் தயங்கியவர்கள் சுல்தான்களே. நீதிபதி ஹமீத் மட்டும் மாற்றுக் குறிப்பு எழுதினார்: இப்படி ஒரு வாசகம் பதினைந்துக்குக் குறையாத நாடுகளில் இருக்கிறது, யாருக்கும் தீங்கில்லை என்றார். அவர் காட்டிய பட்டியலில் அயர்லாந்தும் நார்வேயும் டென்மார்க்கும் தாய்லாந்தும் உண்டு. கடைசியில் அவர் சொன்னதே 3-ஆம் பிரிவாக நின்றது, மற்ற மதத்தவர் அமைதியாகவும் இணக்கமாகவும் தம் மதத்தைப் பின்பற்றலாம் என்ற வரியோடு சேர்த்து. சுல்தான்களின் தயக்கத்துக்கும் பதில் உண்டு: பள்ளிவாசல், ஜக்காத், வக்ஃபு எல்லாம் மாநிலப் பட்டியலில். அதனால்தான் காஜாங்கில் நாம் சிலாங்கூர் சமய மன்றத்துக்கு விண்ணப்பிக்கிறோம். மஸ்ஜித் இந்தியாக்காரர்கள் கூட்டரசுப் பிரதேசத்து அலுவலகத்துக்குப் போகிறார்கள்.

160-ஆம் பிரிவில் ‘மலாய்க்காரர்’ என்பதற்குள்ள விளக்கம் பற்றிக் கேள்வி வரும் என்று தெரியும். அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். இன்று மொழியைப் பற்றி மட்டும்.

ஆணையத்தில் இருந்த ஜென்னிங்ஸைக் கவனியுங்கள். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர். டி. எஸ். சேனநாயக்கவுக்கு அரசியலமைப்பு ஆலோசகர். இந்திய அரசியலமைப்பு அளவுக்கு மீறி நீண்டது, இறுக்கமானது என்று சென்னைப் பல்கலைக்கழகத்திலேயே போய்ப் பேசியவர். அவர் துணைநின்ற இலங்கைச் சாசனத்தில் 29(2) என்றொரு பிரிவு: எந்தச் சமூகத்துக்கும் மதத்துக்கும் பாரபட்சமான சட்டத்தை நாடாளுமன்றம் இயற்ற முடியாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மொழி என்ற சொல் அதில் இல்லை. ஆணையம் மலாயாவில் மகஜர் வாங்கிக்கொண்டிருந்த அதே 1956-இல், அங்கே சிங்களம் மட்டும் ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது. கோடீஸ்வரன் என்ற தமிழ் அரசு ஊழியர் வழக்குப் போட்டார். 1969-இல் லண்டன் பிரிவி கவுன்சில், அவர் வழக்காட உரிமை உண்டு என்றது. மொழிச் சட்டம் செல்லுமா என்ற கேள்வியை இலங்கை நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது. பதில் வருமுன் 1972-இல் புதிய அரசியலமைப்பு வந்தது. 29(2) போயே போய்விட்டது.

இந்தியாவில் வேறு வழி. நிர்ணய சபையில் நம் திருநெல்வேலிக்காரர் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் இருந்தார். எந்தச் சமூகமும் தன் தனியார் சட்டத்தைக் கைவிட வேண்டியதில்லை என்று 1948 நவம்பரில் அவர் கொண்டுவந்த திருத்தம் தோற்றது. ஆனால் சிறுபான்மையினர் தம் மொழியைப் பேணலாம், கல்விக்கூடம் நிறுவி நடத்தலாம் என்று 29, 30-ஆம் பிரிவுகள் உரிமையாகவே எழுதப்பட்டன. 1951-இல் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரியும் சென்னையில் புதுக்கல்லூரியும் தொடங்கின.

நம்முடைய 152-ஆம் பிரிவு இவை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. தேசிய மொழி மலாய். அதில் விவாதம் இல்லை. அதன் கீழேயே, அதிகாரபூர்வக் காரியங்களுக்கு அல்லாமல் வேறு மொழியைப் பயன்படுத்துவதையும், கற்பதையும், கற்பிப்பதையும் யாரும் தடுக்கக்கூடாது என்ற துணைவாசகம். மொழி என்ற சொல்லை எழுத்தில் வைத்ததால் வித்தியாசம் தெரிகிறது. 1982-இல் மெர்டேக்கா பல்கலைக்கழக வழக்கில் கூட்டரசு நீதிமன்றம், மொழியைக் கற்பிப்பது வேறு, அந்த மொழியில் பல்கலைக்கழகம் நடத்துவது வேறு என்று சொல்லி அந்தச் சீனமொழிப் பல்கலைக்கழகத்துக்கு இடம் தரவில்லை. ஆனால் தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளிகளை எதிர்த்துப் போட்ட வழக்கில் 2021-இல் உயர்நீதிமன்றமும் 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவை சட்டத்துக்கு முரணல்ல என்றன.

ஆனாலும் அந்த வரியை ஊன்றிப் படியுங்கள். தடுக்கமாட்டோம் என்கிறது. தமிழ் வாழ அரசாங்கம் உதவலாம் என்றும் அடுத்த வரி சொல்கிறது. கட்டாயம் என்று சொல்லவில்லை. நம் பிள்ளைகளில் பாதிப்பேர் தேசியப் பள்ளியில், மீதிப்பேர் சமயப் பள்ளியில். வீட்டில் அத்தா தமிழில் கேட்டால் பிள்ளை மலாயில் பதில் சொல்கிறது. நன்னி தமிழில் துஆ சொல்லிக்கொடுத்தால் பேரனுக்கு அர்த்தம் புரிவதில்லை. இதற்கு எந்த நீதிமன்றமும் பொறுப்பாகாது.

நம் சங்கம் 1966-ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின் கீழ்ப் பதிவானது. சங்கத்தின் சட்டவிதிக்கும் மலாயில் ‘பெர்லெம்பாகாஆன்’ என்றுதான் பெயர், நாட்டின் சட்டத்துக்குள்ள அதே பெயர். அதில் ‘நோக்கங்கள்’ என்ற பகுதியைப் புரட்டினேன். ஜனாஸா உதவி இருக்கிறது, கல்வி நிதி இருக்கிறது, விளையாட்டுகூட இருக்கிறது. தமிழ் கற்பித்தல் இல்லை. நம்மை அமைத்த பெரியவர்களுக்கு அதை எழுத வேண்டிய தேவை வந்திருக்காது. அன்று வீடே வகுப்பு.

அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் ஒரு திருத்தம் முன்மொழிகிறேன்: உறுப்பினர் பிள்ளைகளுக்கு வாராந்திரத் தமிழ் வகுப்பு நடத்துவது சங்கத்தின் நோக்கங்களில் ஒன்றாக இருக்கட்டும். நிறைவேறினால் பதிவிலாகாவின் ஒப்புதலுக்கு அனுப்ப வேண்டும். தீர்மான நகல் வெளியே வரவேற்பு மேசையில் இருக்கிறது. வழிமொழிய ஒருவர் தேவை. சொற்களைத் திருத்த விரும்புகிறவர்கள் பேனாவோடு வாருங்கள்.

வஸ்ஸலாம்.